நண்டு விலைக்குள் ஒரு டாலர்

1964 டிசம்பர் புயல் அடித்துக்கொண்டு போகும்வரை, சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது ஆண்டுகள் அந்தத் துறை நடந்தது. சுங்கத்தில் மூட்டையைப் பிரித்துக் காட்டிய பயணிக்கு எத்தனையோ கவலை இருந்திருக்கும். ஒரு கவலை மட்டும் கிடையாது. இக்கரையில் ஒரு ரூபாய் என்றால் அக்கரையிலும் ஒரு ரூபாய். இலங்கை ரூபாயை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டி வைத்திருந்தார்கள். 1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இரண்டு ரூபாயும் சேர்ந்தே இறங்கி, டாலருக்கு 4.76 என்ற ஒரே விலையில் நின்றன. 1950-இல் இலங்கைக்கு மத்திய வங்கி வந்த பிறகும் அது மாறவில்லை.

1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 7.50 என்று இறக்கியது. அக்கரை 4.76-லேயே இருந்தது. துறைமுகம் அழிந்த ஒன்றரை ஆண்டில் நாணயச் சமனும் போயிற்று. அதற்கு முந்தின வாரம் அக்கரைக்குச் சரக்கு அனுப்பிவிட்டு இலங்கை ரூபாய்க்குக் காத்திருந்தவருக்கு யோகம். இலங்கை ரூபாயில் கடன் வாங்கியிருந்தவருக்கு இடி. இருவரும் தொழிலில் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை, குறைவாகவும் ஒன்றும் செய்யவில்லை.

நாணயத்தின் விலை அசையாத உலகத்தில் என் உத்தியோகமே இருந்திருக்காது. நான் தங்கச்சிமடத்தில் பிறந்து வளர்ந்தவள். வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில். தாய் நிறுவனம் ஜெர்மனியில் இருக்கிறது. நான் இருக்கும் பிரிவுக்கு ட்ரெஷரி என்று பெயர். யூரோவும் டாலரும் யென்னும் நாளை என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமலேயே நாளைய கணக்கை இன்று எழுதி வைப்பதுதான் எங்கள் பிழைப்பு.

என் தாய்மாமா நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவர். ஊருக்குப் போனால் கேட்பார்: "ஏத்தா, டாலர் ஏறுமா எறங்குமான்னு சோசியம் பாக்குறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

இல்லை. சோசியம் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் சம்பளம்.

மூன்று மாதம் கழித்து வரும் பில்

எண்களை வட்டமாக வைத்துக்கொண்டு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் ஆலைக்கு ஜெர்மனியிலிருந்து 10 லட்சம் யூரோவுக்கு ஓர் இயந்திரம் வருகிறது. பணம் கட்ட மூன்று மாதத் தவணை. இன்று யூரோ 100 ரூபாய் என்றால் பில் 10 கோடி. மூன்று மாதத்தில் யூரோ 106 ஆகிவிட்டால் 10 கோடியே 60 லட்சம். அந்த 60 லட்சம் இயந்திரத்துக்கும் போகவில்லை, தொழிலாளிக்கும் போகவில்லை; தேதிக்குப் போனது.

இதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது ஃபார்வர்டு. வங்கியோடு இன்றே ஒப்பந்தம் போட்டுவிடுகிறோம்: மூன்று மாதம் கழித்து 10 லட்சம் யூரோ, ஒன்று 101 ரூபாய் வீதம். சந்தை 106-க்குப் போனாலும் எங்களுக்கு 101. 96-க்கு இறங்கினாலும் எங்களுக்கு 101. இன்றைய விலை 100 இருக்க ஏன் 101? யூரோ ஏறும் என்று வங்கி கணித்ததாக எண்ண வேண்டாம். வங்கி இன்றே கடன் வாங்கி யூரோ வாங்கி, மூன்று மாதம் வைத்திருந்து நம்மிடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூபாய்க்கு வட்டி அதிகம் கட்டுகிறது. யூரோவுக்கு வட்டி குறைவாகப் பெறுகிறது. அந்த வட்டி வித்தியாசம்தான் ஒரு ரூபாய். இதைப் பிரீமியம் என்பார்கள். டாலர் கொண்டு வரும் ஏற்றுமதியாளருக்கு இதே பிரீமியம் வரவாக வரும். எங்களைப் போல இறக்குமதி செய்கிறவருக்குச் செலவு.

இரண்டாவது ஆப்ஷன். யூரோவுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 15 லட்சத்தை முன்கூட்டியே வங்கிக்குக் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக, 101 ரூபாய்க்கு வாங்கும் உரிமை கிடைக்கிறது; வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யூரோ 106 ஆனால் உரிமையைப் பயன்படுத்துவோம். மொத்தச் செலவு 10 கோடியே 25 லட்சம். 96 ஆனால் உரிமையை விட்டுவிட்டுச் சந்தையில் வாங்குவோம். 9 கோடியே 75 லட்சம். ஃபார்வர்டு போட்டிருந்தால் இரண்டு நிலையிலும் 10 கோடியே 10 லட்சம். ஆப்ஷன் நல்லதுதான், ஆனால் அந்த 15 லட்சம் போனது போனதுதான்.

மூன்றாவது ஸ்வாப். ஐந்தாண்டு, பத்தாண்டுக் கடனுக்கு இது. ஒருவரிடம் யூரோ கடன், இன்னொருவரிடம் ரூபாய்க் கடன். வட்டியையும் அசலையும் மாற்றிக் கட்டிக்கொள்வது. 1981-இல் உலக வங்கியும் ஐ.பி.எம். நிறுவனமும் செய்துகொண்ட ஸ்வாப்பைத்தான் இந்தத் துறையில் முன்னோடியாகச் சொல்வார்கள். ஐ.பி.எம்.மிடம் ஸ்விஸ் பிராங்கிலும் ஜெர்மன் மார்க்கிலும் கடன் இருந்தது. உலக வங்கிக்கு அந்த நாணயங்கள் வேண்டியிருந்தன. ஒருவர் கடனை மற்றவர் சுமந்துகொண்டார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் டெரிவேட்டிவ். தனக்கென்று ஒரு விலை இல்லாமல், வேறொன்றின் விலையிலிருந்து தன் மதிப்பைப் பெறும் ஒப்பந்தம். அதை ஆபத்தைக் குறைக்கப் பயன்படுத்தினால் ஹெட்ஜிங். ஆபத்தைத் தேடிப் போகப் பயன்படுத்தினால் அதற்குப் பெயர் வேறு.

லுஃப்தான்சா தலைவரின் தலைவலி

இந்தத் தொழிலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லும் கதை 1985 ஜனவரியில் நடந்தது. ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனத் தலைவர் ஹெய்ன்ஸ் ருஹ்னாவ் 20 போயிங் 737 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். விலை 50 கோடி டாலர். ஓராண்டு கழித்துக் கட்ட வேண்டும். அன்று டாலர் 3.2 மார்க். டாலர் உச்சியில் இருக்கிறது, இறங்கிவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் இன்னும் ஏறினால்? பாதித் தொகைக்கு 3.2 வீதம் ஃபார்வர்டு போட்டார். மீதிப் பாதியை அப்படியே விட்டார்.

ஓராண்டில் டாலர் 2.3 மார்க்குக்கு இறங்கிவிட்டது. அவர் எண்ணியதுதான் நடந்தது. ஃபார்வர்டு போட்ட பாதிக்கு மட்டும் 22.5 கோடி மார்க் கூடுதலாகக் கட்ட வேண்டியதாயிற்று. நாட்டின் பணத்தைப் பாழாக்கினார் என்று அரசியல்வாதிகள் பிடித்துக்கொண்டார்கள்.

டாலர் 4 மார்க்குக்கு ஏறியிருந்தால் அதே மனிதரைத் தீர்க்கதரிசி என்றிருப்பார்கள். ஹெட்ஜிங்கின் துரதிர்ஷ்டம் இதுதான். பலித்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. தேவைப்படாமல் போனால் எல்லோரும் கணக்குக் கேட்பார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒவ்வொரு காலாண்டிலும் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்: "ஃபார்வர்டு போடாமல் விட்டிருந்தால் இவ்வளவு மிச்சமாகியிருக்குமே?" ஆகியிருக்கும். ஆனால் எங்கள் கம்பெனி உதிரிபாகம் விற்றுப் பிழைக்கிறது. யூரோவை ஊகித்துப் பிழைப்பதற்காக ஆலை கட்டவில்லை.

வங்கிக்குப் போகாமலே ஒரு ஹெட்ஜிங்

ஒப்பந்தம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் நிறுவனத்துக்குப் பல நாடுகளில் கிளை. ஒரு கிளைக்கு டாலர் வரவு. இன்னொன்றுக்கு டாலர் செலவு. இரண்டும் தனித்தனியே வங்கிக்குப் போனால் இரண்டு ஒப்பந்தம், இரண்டு கமிஷன். எனவே எல்லாக் கிளைகளும் அடுத்த மாதங்களின் வரவு செலவை நாணயவாரியாகத் தலைமையகத்துக்கு எழுதி அனுப்புகிறோம். அங்கே ஒன்றுக்கொன்று கழித்து, மிச்சம் நிற்பதற்கு மட்டும் ஃபார்வர்டு. பக்கத்து மாதங்களுக்குப் பெரும்பகுதியும், தள்ளி இருக்கும் மாதங்களுக்குச் சிறு பகுதியுமாகப் படிப்படியாகப் போடுவோம். ஆர்டர் ரத்தாகிவிட்டால், வராத டாலருக்கு ஒப்பந்தம் மட்டும் கையில் நிற்கும். அதுவே ஒரு புது ஆபத்து.

ராமேசுவரம் விசைப்படகுக்காரர்களின் கணக்கைப் பார்த்தால் அவர்களும் அரைகுறையாக இதைத்தான் செய்கிறார்கள். படகுக்குப் பெரிய செலவு டீசல். அதன் மூலப்பொருளான கச்சா எண்ணெயை நாடு டாலரில் வாங்குகிறது. வரவில் பெரியது இறால். அது டாலரில் விற்கிறது. டாலர் ஏறினால் செலவும் கூட வேண்டும், வரவும் கூட வேண்டும். ஏட்டில் பார்த்தால் சமன். கரையில் அப்படி நடப்பதில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

திருப்பூருக்கு வந்த ஸ்விஸ் பிராங்க்

தமிழ்நாட்டில் டெரிவேட்டிவ் என்ற சொல் வீட்டுக் கூடம்வரை வந்தது 2008-இல்தான். 2007 தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய். ஆண்டு முடிவில் 39 சில்லறை. திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்கு இது நேரடி அடி. நூறு டாலர் ஆர்டருக்கு வந்துகொண்டிருந்த 4,400 ரூபாய் 3,900 ஆகிவிட்டது. நூல் விலையோ கூலியோ குறையவில்லை.

அந்த நேரத்தில் சில வங்கிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கைக்காசு போட வேண்டாம், ஜீரோ காஸ்ட் என்றார்கள். பல ஒப்பந்தங்கள் ஏறக்குறைய இப்படி: டாலருக்கு எதிராக ஸ்விஸ் பிராங்கோ ஜப்பான் யென்னோ ஓர் எல்லையைத் தொடாதவரை வங்கி உங்களுக்குப் பணம் தரும், தொட்டுவிட்டால் நீங்கள் வங்கிக்குத் தர வேண்டும். வங்கி தருவதற்கு உச்சவரம்பு இருந்தது. நீங்கள் தருவதற்கு இல்லை.

திருப்பூர்க்காரருக்கு வரவு டாலரில், சில சமயம் யூரோவில். ஸ்விஸ் பிராங்க் அவர் வாழ்க்கையில் எங்கும் இல்லை. 2008 மார்ச்சில் டாலர் வரலாற்றில் முதன்முறையாக ஒரு ஸ்விஸ் பிராங்குக்குக் கீழே போனது. எல்லைகள் உடைந்தன. ஆலையை விற்றாலும் கட்ட முடியாத தொகைக்கு நோட்டீஸ் வந்தவர்கள் இருந்தார்கள்.

கோவையைச் சேர்ந்த ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையே இதே வகையான டாலர்–பிராங்க் ஒப்பந்தம் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. இது சூதாட்டம், சட்டப்படி செல்லாது என்பது நிறுவனத்தின் வாதங்களில் ஒன்று. 2008 அக்டோபரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இந்திய நீதிமன்றத்தில் டெரிவேட்டிவ் பற்றி விரிவாக எழுதப்பட்ட முதல் தீர்ப்புகளில் அது ஒன்று. இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி தேசிய பங்குச் சந்தையில் டாலர் ஃப்யூச்சர்ஸ் வர்த்தகம் தொடங்கியது. ஃபார்வர்டு வங்கியோடு தனியாகப் பேசுவது; ஃப்யூச்சர்ஸ் சந்தையில் எல்லோர் கண்முன்னும் விலை தெரிய நடப்பது. அங்கேயும் ஊகக்காரர்கள் நிறைந்தார்கள். 2024 மே 3 முதல், நாணய வரவு செலவு உண்மையில் இருப்பவர்கள்தான் அங்கே வரலாம் என்பதை ரிசர்வ் வங்கி அழுத்திச் சொன்ன பிறகு வர்த்தகம் மளமளவென்று சுருங்கியது. உண்மையில் டாலர் கையாளுகிறவர்கள் அங்கே எவ்வளவு குறைவு என்பதை அந்தச் சுருக்கமே காட்டிவிட்டது.

எல்லாக் கடலுக்கும் ஒப்பந்தம் கிடைக்காது

2022 மார்ச் தொடக்கத்தில் அக்கரையில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மார்ச் 7 அன்று இலங்கை மத்திய வங்கி தன் பிடியைத் தளர்த்தியது. மே மாதம் 360 ஆயிற்று. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளம்பிய குடும்பங்கள் மார்ச் 22 அன்று இங்கே வந்து சேர்ந்தன. அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டில் படகுக்காரர் இறக்கிவிட்டுப் போனவர்களைக் கடலோரக் காவல் படை மீட்டு வந்தது. அவர்களில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் 200-க்கும் மேற்பட்டவர்கள் மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அரிசியும் பால்மாவும் வாங்க முடியவில்லை என்றார்கள். நாணயம் சரிவது என்றால் என்ன என்று நான் எக்செல் தாளில் படித்ததை அவர்கள் சமையலறையில் படித்திருந்தார்கள்.

அங்கே தொழில் செய்த இந்திய நிறுவனங்கள் என்ன செய்தன? இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. 2003 முதல் அங்கே பெட்ரோல் பங்க் நடத்துகிறது. எண்ணெய் வாங்குவது டாலரில், விற்பது இலங்கை ரூபாயில். பாடநூல்படி அது டாலரை ஃபார்வர்டில் வாங்கி வைக்க வேண்டும். ஆனால் ஃபார்வர்டு என்பது வெறும் காகிதம் இல்லை. சொன்ன தேதியில் டாலர் கொடுக்க எதிர்ப்பக்கம் ஒருவர் வேண்டும். நாட்டின் கையிருப்பே வற்றியபோது எந்த வங்கி கொடுக்கும்? பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு படகுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டுப் போவது போலத்தான். அந்த நிறுவனத்துக்கு மிஞ்சிய வழி விலையேற்றம். மார்ச்சில் ஒரே நாளில் டீசலை லிட்டருக்கு 75 ரூபாயும் பெட்ரோலை 50 ரூபாயும் கூட்டியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இலங்கை நிறுத்தி வைத்தது.

கம்பெனியின் நாணய நஷ்டம் மறைந்துவிடவில்லை. பங்க் வாசலில் வரிசையில் நின்றவர் தலையில் இறங்கியது. ஹெட்ஜிங் பற்றிப் பாடநூல்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். ஆபத்து ஒழிவதில்லை, கை மாறுகிறது. வங்கியின் கைக்குப் போனால் அதற்குக் கூலி வாங்கிக்கொண்டு அது சுமக்கும். வாங்க வங்கி இல்லாதபோது, ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாத ஒருவர் கைக்குப் போகும்.

கரையில் என்ன நடக்கிறது

இப்போது மாமாவின் நண்டுக்கு வருகிறேன். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீலக்கால் நண்டு நம் ஊர்ச் சந்தைக்குப் பெரும்பாலும் வருவதில்லை. கரையிலேயே ஏஜென்ட் எடை போட்டு எடுக்கிறார். அவித்து, பெண்கள் உட்கார்ந்து சதை பிரித்து, தரம் பிரித்து, டப்பாவில் அடைத்து, பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. கம்பெனி விற்பது டாலரில். மாமாவுக்கு வருவது கிலோவுக்கு இத்தனை ரூபாய். நடுவில் எங்கோ டாலர் ரூபாயாகிறது. எந்த விலைக்கு ஆகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கரையில் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். டாலர் இறங்கினால் அடுத்த வாரமே ஏஜென்ட், "டாலர் எறங்கிருச்சு, கம்பெனியில வெலையக் கொறைச்சுட்டாங்க" என்பார். ஏறினால் அந்தச் சேதி கரைக்கு வர நாளாகும். காரணம் நாணயம் மட்டும் இல்லை. வலைக்கும் இன்ஜினுக்கும் ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியவர் நண்டை அவரிடம்தான் போட வேண்டும். வேறிடம் போக முடியாதவருக்கு விலை பேச வாய் ஏது? விசைப்படகுக்காரரின் டீசல்–இறால் கணக்கு ஏட்டில் சமனாகி, கரையில் சமனாகாததற்கும் காரணம் இதுதான். டீசல் விலையை அவர் நிர்ணயிப்பதில்லை, இறால் விலையையும் அவர் நிர்ணயிப்பதில்லை.

நாணயத்தையே எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லவும் முடியாது. 2025-இல் டாலர் 85 ரூபாய்ச் சில்லறையில் தொடங்கி டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. ஏற்றுமதிக்காரர் மகிழ்ந்திருக்க வேண்டிய ஆண்டு. ஆனால் ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. டாலர் தந்த நாலைந்து ரூபாய் அந்த வரிக்கு முன் தூசு. வரியை எந்த ஃபார்வர்டாலும் தடுக்க முடியாது.

சிறிய ஏற்றுமதியாளர்களுக்கு இன்று வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். வங்கிகள் சிறியவர்களிடம் டாலர் விலையில் அதிக இடைவெளி வைக்கின்றன என்ற குறை நெடுநாள் உண்டு. அதற்காகவே 2019 ஆகஸ்டில் கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா எஃப்.எக்ஸ்.–ரீடெயில் என்ற தளத்தைத் தொடங்கியது. சிறு ஏற்றுமதியாளரும் தன் வங்கி மூலம் பதிந்துகொண்டு சந்தை விலையைத் தன் கண்ணால் பார்த்து டாலரை விற்கலாம். ஒப்பந்தம் போட வருகிறவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் கேட்க வேண்டியவை மூன்று: இதில் உள்ள நாணயம் என் பில்லில் இருக்கிறதா? தொகை என் வரவுக்குள் அடங்குகிறதா? நஷ்டத்துக்கு வரம்பு உண்டா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அது ஹெட்ஜிங் அல்ல.

மாமாவுக்கு இந்த மூன்றும் வேண்டாம். அவருக்கு ஒரு கேள்வி போதும். சென்ற முறை போனபோது சொல்லிக் கொடுத்தேன். டாலர் இறங்கிவிட்டது என்று ஏஜென்ட் சொன்னால், "கம்பெனியில ஃபார்வர்டு போட்டிருக்காங்களா?" என்று கேளுங்கள். ஆர்டர் எடுத்த அன்றே போட்டிருந்தால், அந்த ஆர்டரைப் பொறுத்தவரை கம்பெனிக்கு டாலர் இறங்கவே இல்லை. அதைச் சொல்லி விலையைக் குறைக்க நியாயம் கிடையாது. அதே நியாயப்படி, டாலர் ஏறும்போது அந்த ஆர்டருக்குக் கூடுதல் விலையும் கேட்க முடியாது. இரண்டும் தெரிந்துதான் கேட்க வேண்டும்.

"போடலன்னு சொன்னா?" என்றார் மாமா.

"போடலன்னா அவங்க சுமக்க வேண்டியத உங்க தலையில ஏத்துறாங்க மாமா. அதுக்குக் கூலி கேளுங்க."